கோடு போட்ட டாப்ஸ்: பக்கத் தையலில் கோடுகள் சேரவில்லை, அவிழ்க்க வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். தைக்கப் பழகி ஆறு மாதம் ஆகிறது. தலையணை உறை, துணிப்பை எல்லாம் தைத்துப் பார்த்த பிறகு, இப்போதுதான் எனக்கென்று ஒரு தொளதொள டாப்ஸ் தைக்கிறேன். நெய்த பருத்தித் துணி. 1 செ.மீ. நீலம், 1 செ.மீ. வெள்ளை என்று குறுக்குக் கோடுகள். துவைத்துக் காயவைத்துத்தான் வெட்டினேன். தோளை இணைத்து, இரண்டு பக்கமும் தைத்தாயிற்று. கை வைக்கவில்லை, அடியும் மடிக்கவில்லை.

இடப்பக்கம் அடிவிளிம்புக்கு வரும்போது நீலத்துக்கு நேராக வெள்ளை நிற்கிறது. முன்துணி 1 செ.மீ. கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிவிட்டு மடித்துவிடலாமா? வலப்பக்கம் இன்னும் மோசம். இந்தக் கோட்டுக்காகவே ஆசைப்பட்டு எடுத்த துணி, மனசே கேட்கவில்லை.

பதில்:
வெட்டாதீர்கள்! முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். அக்குளில் தையல் தொடங்கும் இடத்தில் கோடுகள் சேர்கிறதா? விலகல் அங்கேயே இருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா? தைக்கும்போது எந்தத் துணி மேலே இருந்தது?

கேட்டவர்:
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் அக்குளில் கச்சிதம், கீழே 1 செ.மீ. விலகல். வலப்பக்கம் அக்குளிலேயே அரை செ.மீ., கீழே ஒன்றரை. இரண்டையும் அக்குளிலிருந்துதான் தைத்தேன். இடப்பக்கம் முன்துணி மேலே இருந்தது. வலப்பக்கம் பின்துணி மேலே, அதன் கோடுதான் இறங்கியிருக்கிறது.

பதில்:
அப்படியானால் இரண்டு கோளாறு. போகப் போகக் கூடும் விலகல் மெஷினால் வருவது. அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியை நகர்த்தும். மேல்துணியை, ஊசியை ஒட்டி இருக்கும் உலோகப் பாதம் அழுத்திப் பிடிக்கும். கீழ்த்துணி கொஞ்சம் கொஞ்சமாக முந்திவிடும், மேல்துணி கடைசியில் மிஞ்சும். வெற்றுத் துணியில் இது கண்ணில் படாது, கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

வலப்பக்கம் தொடக்கத்திலேயே இருக்கும் அரை செ.மீ. வெட்டும்போது வந்தது. துணியை இரண்டாக மடித்து வெட்டியிருப்பீர்கள், அடியில் இருந்த அடுக்கு நகர்ந்திருக்கும்.

இரண்டு பக்கமும் அவிழ்த்துவிடுங்கள். வலப்பக்கம் பின்துணியை அரை செ.மீ. மேலே ஏற்றுங்கள். அக்குள் வளைவில் அந்த அளவு மிஞ்சும். தைத்த பிறகு வளைவை ஒட்டிச் சீராக நறுக்கிவிடலாம். கை வைக்காததால்தான் இதைச் சொல்கிறேன். தொளதொள உடை என்பதால் போடும்போது வித்தியாசமே தெரியாது.

பிறகு ஒவ்வொரு நீலக் கோட்டின் விளிம்பிலும் ஒரு குண்டூசி. மேலே குத்தும் இடம் நீல விளிம்பு என்றால், மறுபக்கம் திருப்பிப் பார்க்கும்போதும் ஊசி நீல விளிம்பில்தான் வெளிவந்திருக்க வேண்டும். இது முக்கியம். அப்புறம் கையால் ஓட்டுத்தையல் (பிறகு உருவிவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, அதன் மேல் மெஷின். ஊசி மேல் ஊசி பட்டால் உடையும், குண்டூசியை முன்னதாகவே உருவிவிடுங்கள்.

இன்னொருவர்:
ஓட்டுத்தையலைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பத்து நிமிடம்தான். மெஷினில் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் அதையும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

மிச்சத் துணி எதையும் விடமாட்டேன். இதில் ஒரு பாக்கெட்டைக் கோணலாக, 45 டிகிரியில் வெட்டி வையுங்கள். சாய்ந்த கோட்டை எதனோடும் சேர்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் அழகு. ஆனால் கோண வெட்டு இழுபடும், உள்ளே இழை நேராக ஓடும்படி வெட்டிய ஒரு துணி கொடுத்துத் தையுங்கள்.

கேட்டவர்:
ஆமாம் அக்கா, மடித்துத்தான் வெட்டினேன். ராத்திரி உட்கார்ந்து அவிழ்த்துத் தைத்தேன். இடப்பக்கம் அக்குளிலிருந்து அடிவரை ஒரே கோடாக ஓடுகிறது, தையல் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது! வலப்பக்கம் மேலே முதல் இரண்டு கோடு மட்டும் நூலளவு விலகல். மறுபடி அவிழ்க்கட்டுமா?

பதில்:
வேண்டாம். நெய்த துணியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அவிழ்த்தால் இழை பிரிந்துவிடும். அது அக்குளுக்கு அடியில், கை தொங்கும்போது மறைந்துவிடும். அடுத்த டாப்ஸுக்குத் துணியை விரித்து ஒற்றையாக வெட்டுங்கள். ஒரு பாதியை வெட்டி, அதையே திருப்பிப் போட்டு, கோட்டின் மேல் கோடு பொருந்த வைத்து மறுபாதி. கை வைத்ததும் ஒரு படம் போடுங்கள்.