டெல்லியில அரசு மருத்துவ ஆய்வாளர்களையும் விக்கி தன்னார்வலர்களையும் ஒண்ணா உட்கார வைக்கணும், பணத்துக்கு என்ன வழி?

முனிர்காவாசி

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ் விக்கிப்பீடியாவுல நோய், மருந்து, தடுப்பூசி இந்த மாதிரி கட்டுரைங்க எழுதறவன், இருக்கறது டெல்லி முனிர்கா. அன்சாரி நகர் இங்கேர்ந்து கிட்டதான், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தலைமை அலுவலகம், எய்ம்ஸ், தேசிய மருத்துவ நூலகம் எல்லாம் அங்கயே இருக்கு. அரசு ஆய்வு நிறுவனங்கள்ல வேலை பாக்கற விஞ்ஞானிங்க ஒரு 30 பேரு, தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம்னு பல மொழி விக்கியில மருத்துவம் எழுதற தன்னார்வலருங்க ஒரு 30 பேரு, ரெண்டு நாள் ஒரே ஹால்ல உட்கார்ந்து பேசணும், பேசறதோட நிக்காம கட்டுரைகளை சேர்ந்து திருத்தணும், இதுதான் திட்டம்.

ஏன் இவ்ளோ துடிக்கிறேன்னா, ஒரு உதாரணம் சொல்றேன். ஜார்க்கண்ட்ல ஐசிஎம்ஆர் பணத்துல ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2023-ல லான்செட்ல வந்துச்சு. காசநோயாளி வீட்டுல கூட இருக்கறவங்களுக்கு மாசாமாசம் சத்தான உணவுப்பொருள் குடுத்தா அவங்களுக்குப் புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது, சளியில கிருமி உறுதியாகற நுரையீரல் காசநோய் மட்டும் பாத்தா 48 சதவீதம். நம்ம வரிப்பணத்துல, நம்ம ஊர் ஏழை வீடுகள்ல நடந்த ஆய்வு இது. வீட்டுக்காரருக்கு டிபின்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஒரு அம்மா போனை எடுத்து தமிழ்ல தேடினா, புள்ளைங்களுக்கு என்ன சாப்பிடக் குடுக்கணும்ங்கற விஷயம் அவங்களுக்கு சரியாக் கிடைக்கணும், எனக்கு வேணுங்கறது அவ்ளோதான்.

பணம்தான் பிரச்சனை. விக்கிப்பீடியாவை நடத்தற விக்கிமீடியா அறக்கட்டளைகிட்ட மாநாட்டு நிதி கேக்கலாமா, இல்ல அரசுகிட்டயே கேக்கறதா? ஒரு மருந்து கம்பெனி ஆளு வேற, மொத்த செலவும் நாங்க பாத்துக்கறோம், மேடையில பேனர் மட்டும் வச்சா போதும்னு சொல்றாரு. எங்ககிட்ட பதிவு பண்ணின அமைப்புன்னு எதுவும் இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கரோல்பாக்_கணக்கர்

தம்பி, நான் தொண்டு நிறுவனக் கணக்கு பாக்கறவன், அதனால பணத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். வெளிநாட்டுப் பணம்னு ஆரம்பிச்சா முதல்ல எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 2010-ல வந்தது, 2020-ல திருத்தம் வந்து ரொம்ப இறுகிடுச்சு. பணம் வந்து இறங்கற கணக்கு பார்லிமென்ட் தெருவுல இருக்கற எஸ்பிஐ நியூ டெல்லி மெயின் பிராஞ்ச்லதான் இருக்கணும், வாங்கின அமைப்பு அதை வேற யாருக்கும் கைமாத்தி விடக்கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது தெரிஞ்ச ஒரு டிரஸ்ட் பேர்ல வாங்கி அவங்க உங்ககிட்ட குடுத்துடுவாங்கன்னு பழைய ஆளுங்க யாராவது சொன்னா அந்த வழி இப்ப இல்ல, அந்த டிரஸ்டே நேரா செலவு பண்ணி, பில் எல்லாம் அவங்க பேர்லயே இருக்கணும்.

இதைவிட முக்கியமானது ஒண்ணு. அதே சட்டத்தோட 3-வது பிரிவு, அரசு ஊழியரும் அரசுக்குச் சொந்தமான இல்ல அரசு கட்டுப்பாட்டுல இருக்கற அமைப்போட ஊழியரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாதுன்னு சொல்லுது. உங்க விஞ்ஞானிங்க 30 பேரும் இதுக்குள்ளதான் வருவாங்க. ஆசையா ஒரு சன்மானக் கவரோ பிளைட் டிக்கெட்டோ வெளிநாட்டுப் பணத்துல குடுத்தீங்கன்னா மாட்டிக்கப் போறது அந்த விஞ்ஞானிதான். அதனால அவங்க செலவு ஒரு பைசாகூட அந்தக் கணக்குலேர்ந்து போகக்கூடாது, ஆரம்பத்துலயே ரெண்டு பட்ஜெட் தனித்தனியா போட்டுக்குங்க.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு செலவு பண்ற பணம், அதைக் கேக்கலாமேன்னு அடுத்து தோணும். ஒரு தடவை நடக்கற நிகழ்ச்சிக்குக் குடுக்கறதை சிஎஸ்ஆர் கணக்குல காட்ட முடியாதுன்னு கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லயே சுற்றறிக்கை விட்டாச்சு. ஒரு வருஷத்துக்கான சுகாதார விழிப்புணர்வுத் திட்டம்னு எழுதி, இந்த ரெண்டு நாள் அதுல ஒரு பகுதின்னு வச்சா மட்டும் போய்ப் பேசலாம், அதுக்கும் பதிவு பண்ணின அமைப்பு ஒண்ணு கூட வேணும்.

ஆய்வகத்துலேர்ந்து

நான் ஒரு அரசு ஆய்வு நிறுவனத்துல விஞ்ஞானியா இருக்கேன், எதுன்னு சொல்ல வேண்டாம். கணக்கர் சார் சொன்னது அத்தனையும் சரி, அதோட இதையும் சேத்துக்குங்க. எங்க பயணச் செலவுக்கு நீங்க பணமே தேட வேண்டாம், நிறுவனம் எங்களை அலுவல் வேலையா அனுப்பினா பயணப்படி, தினப்படி எல்லாம் எங்க ஆபீஸே குடுத்துடும். ஆனா அப்படி அனுப்பணும்னா இயக்குநருக்கு முறையான அழைப்புக் கடிதம் வரணும், தனிப்பட்ட முறையில வாட்ஸ்அப்ல கூப்பிட்டா நாங்க லீவு போட்டு சொந்தக் காசுலதான் வரணும், அப்படி வர்றவங்க ரெண்டு மூணு பேருதான் இருப்பாங்க.

கடிதத்துல விக்கிப்பீடியா பயிற்சின்னு மட்டும் எழுதினா அந்த ஃபைல் நகராது. ஆய்வு முடிவுகளை மாநில மொழிகள்ல மக்கள்கிட்ட கொண்டு போறதுன்னு எழுதுங்க, பொய்யும் இல்ல, அதுதானே நடக்கப் போகுது. எங்க ஆளுங்க நிறைய பேருக்கு நடத்தை விதி பயம் உண்டு, வெளியில எழுதினா மேலேர்ந்து கேள்வி வருமோன்னு. இது என் சொந்தக் கருத்து, அரசோடது இல்லன்னு சொல்லிட்டு அறிவியல் விஷயம் எழுதறதுக்கு மத்திய அரசு நடத்தை விதியிலயே இடம் இருக்கு, முதல் நாள் காலையில அரை மணி நேரம் ஒதுக்கி விஷயம் தெரிஞ்ச நிர்வாக அதிகாரி ஒருத்தரை இதைப் பத்திப் பேச வையுங்க, மத்தியானத்துக்குள்ள பாதிப் பேரு தைரியமா எடிட் பட்டன் அமுக்குவாங்க.

கருத்தரங்கு நடத்த ஐசிஎம்ஆர் நிதியுதவி குடுக்குது, முழுச் செலவும் அதுல அடங்காது, விண்ணப்பம் ஒரு மருத்துவக் கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ போடணும், அதுவும் பல மாசம் முன்னாடியே. முடிஞ்சதும் ஜிஎஃப்ஆர் 12-ஏங்கற அரசு நிதி விதிப் படிவத்துல பயன்பாட்டுச் சான்றிதழ், மீந்த பணத்தைத் திருப்பிக் கட்டணும். அதனால ஒரு கல்லூரி சமூக மருத்துவத் துறையைக் கூட்டாளியாப் பிடிங்க, ஹாலும் வாடகையில்லாம அங்கயே கிடைக்கும். லோதி ரோடு பக்கம் ஹால் வாடகைக்குப் போனீங்கன்னா பட்ஜெட்ல பாதி அங்கயே காலி. மார்ச் மாசம் மட்டும் வேண்டவே வேண்டாம், வருஷக் கடைசி, எங்க ஆபீஸ்ல யாரும் தலை நிமிர மாட்டாங்க.

பெங்களூர்_பழைய_விக்கி

தம்பி, மருந்து கம்பெனி பணத்தைத் தொடவே தொடாதீங்க. இதை எவ்ளோ அழுத்தி சொன்னாலும் பத்தாது. சர்க்கரை மாத்திரை பத்தி ரெண்டு வரி திருத்தினாலும் பின்னாடி அந்த பேனர் போட்டோவை எடுத்துட்டு வந்து நிப்பாங்க, பல வருஷமா சம்பளம் வாங்காம எழுதின தன்னார்வலர்களோட பேரும் அதோட போயிடும். மருந்து கம்பெனிங்க டாக்டர்களுக்கு செலவு பண்றதுக்கே 2024 மார்ச்ல அரசு புது நடத்தை நெறி கொண்டு வந்திருக்கு, நாம ஏன் அதுக்குள்ள போய் விழணும்?

விக்கிமீடியா பக்கம், சின்ன நிதின்னா ரேபிட் ஃபண்ட் இருக்கு, 500லேர்ந்து 5,000 டாலர் வரைக்கும். மாநாட்டு நிதி தனி. இந்தியாவுல சிக்கல் என்னன்னா 2011-ல இங்க பெங்களூர்ல பதிவான விக்கிமீடியா இந்தியா கிளைக்கு 2019-ல அங்கீகாரம் போயிடுச்சு, அதனால கணக்கர் சொன்ன எஃப்சிஆர்ஏ கேள்விக்கு பதில் வச்சுக்கிட்டுதான் விண்ணப்பத்தையே ஆரம்பிக்கணும்.

இதுக்கு முன்னாடி முன்மாதிரி இருக்கு, விண்ணப்பத்துல கண்டிப்பா எழுதுங்க. அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஹெச் 2009 ஜூலையில மேரிலாண்ட் பெத்தஸ்டாவுல இருக்கற தன்னோட வளாகத்துலயே விக்கிப்பீடியா ஆட்களைக் கூப்பிட்டு தன்னோட விஞ்ஞானிங்களுக்குப் பயிற்சி குடுக்க வச்சுது. உலக சுகாதார நிறுவனம் 2020 அக்டோபர்ல விக்கிமீடியாவோட கைகோத்து கோவிட் படங்கள், வீடியோக்களைத் திறந்த உரிமத்துல, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு, குடுத்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். கோவிட் வைரஸ்னாலே சாம்பல் உருண்டையில சிவப்பு முள்ளு குத்தின அந்தப் படம் கண்ணுல வருதுல்ல, அது அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வரைஞ்சது. அங்க மத்திய அரசு ஊழியர் வேலையில செஞ்சதுக்கு காப்புரிமையே (காப்பிரைட்) கிடையாது, அதனாலதான் தமிழ்நாட்டு கிராமத்து சுவர் வரைக்கும் வந்துச்சு. இங்க அரசு வெளியீட்டுக்கு 1957 காப்புரிமைச் சட்டப்படி 60 வருஷம் காப்புரிமை. ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டி 2024-ல வந்துச்சே, 17 வழிகாட்டுதல், அதுல இருக்கற ஒரு தட்டு படத்தைக்கூட அனுமதி இல்லாம நாம விக்கியில ஏத்த முடியாது. உங்க ரெண்டு நாள்ல ஒரே ஒரு நிறுவனம் தன்னோட படங்களையும் கையேடுகளையும் திறந்த உரிமத்துல விட்டு கையெழுத்துப் போட்டாலே செலவு பண்ணின ஒவ்வொரு ரூபாய்க்கும் அர்த்தம் வந்துடும். அதனால விஞ்ஞானிங்களை மட்டும் கூப்பிடாதீங்க, கையெழுத்து போடற அதிகாரம் உள்ளவங்களையும் கூப்பிடுங்க.

இன்னொண்ணு, விஞ்ஞானிங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, மருத்துவக் கட்டுரையில ஒத்தை ஆய்வை ஆதாரமா வச்சு எழுதறதை விக்கி விரும்பாது, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்த மறுஆய்வோ வழிகாட்டி ஆவணமோ கேப்போம். சொல்லாம விட்டா தன் கட்டுரையை அழிச்சுட்டாங்கன்னு மனசு கஷ்டப்பட்டுப் போயிடுவாங்க, திரும்ப வரமாட்டாங்க.

மயூர்விஹார்_அக்கா

எல்லாம் சரி, இதை ஜூம்ல வச்சா இவ்ளோ பணம் எதுக்கு? சும்மா கேக்கறேன், 30 பேரை ரயில்ல கூட்டிட்டு வர்ற காசுல வருஷம் பூரா மாசம் ஒரு கூட்டம் நடத்தலாமே.

ஆய்வகத்துலேர்ந்து

அக்கா, எங்க பக்கத்துலேர்ந்து சொல்றேன், ஜூம்னா கேமராவை அணைச்சுட்டு வேற வேலை பாப்போம், அதான் நிலைமை. கேரளாவுலேர்ந்து ஒருத்தர் சொந்த வேலையை விட்டுட்டு வந்து நிபா கட்டுரையில நான் சொல்ற ஒரு வரிக்கு எதிர்ல உட்கார்ந்து ஆதாரம் கேட்டார்னா அந்த மனுஷனை எப்படி மதிக்காம இருக்க முடியும்? அந்தப் பழக்கம் வந்தப்புறம் மாசாமாசம் ஆன்லைன்ல தாராளமா வைக்கலாம். அப்புறம் உரிமம் பத்தின ஃபைலை நேர்ல போய் நிக்காம யாரும் நகத்த மாட்டாங்க.

முனிர்காவாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குழப்பம் பாதி தீர்ந்துது. மருந்து கம்பெனிக்காரர்கிட்ட வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிட்டேன். ஹாலும் சாப்பாடும் கல்லூரி மூலமா ஐசிஎம்ஆர் உதவியில, விஞ்ஞானிங்க அவங்கவங்க ஆபீஸ் செலவுல, அப்ப நான் பணம் தேட வேண்டியது தன்னார்வலர் 30 பேரோட ரயில் டிக்கெட்டுக்கும் தங்கறதுக்கும் மட்டும்தான். இதுக்கு விக்கிமீடியா நிதி கேக்கறேன், இல்லன்னா ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல ஆளுக்கு ஒருத்தரைத் தங்க வச்சுக்குவாங்களான்னு கேக்கலாமா? தப்பா ஒண்ணும் இல்லையே?

மயூர்விஹார்_அக்கா

இதுல என்ன தப்பு, எங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்க தங்கலாம், மெட்ரோ பக்கத்துலயே. வங்காளம், மலையாளம்னு எந்த மொழியா இருந்தாலும் பரவாயில்ல.

கரோல்பாக்_கணக்கர்

தங்கற செலவு குறைஞ்சா நல்லதுதான், ஆனா பட்ஜெட்ல ரெண்டு விஷயம் விட்டுட்டீங்க தம்பி. கைவசம் லேப்டாப் இல்லாத தன்னார்வலருக்கு வாடகை லேப்டாப், அப்புறம் கூட்டம் முடிஞ்சு ஆறு மாசம் கட்டுரைகளை சரிபாத்து விஞ்ஞானிங்ககிட்ட சந்தேகம் கேட்டு வாங்கற ஆளுக்கு ஒரு தொகை. ரெண்டாவதை கண்டிப்பா போடுங்க. கல்லூரி எதுன்னு முடிவானதும் கடித வரைவை இங்க போடுங்க, நான் பாத்து சொல்றேன்.