பில்லி ஜாக் டிவிடி ஓட மாட்டேன் என்கிறது, உதவி தேவை

1974-இல் வந்த ‘தி ட்ரையல் ஆஃப் பில்லி ஜாக்’ படத்தின் டிவிடி கையில் இருக்கிறது, பார்க்கத்தான் முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து அக்கா போன மாதம் கொண்டுவந்தது, ரீஜன் 1 டிஸ்க் (எந்த நாட்டுப் பகுதியில் ஓடும் என்று டிவிடியில் வைக்கும் குறியீடுதான் ரீஜன்). இங்கே மதுரையில் என் டிவிடி பிளேயர் ரீஜன் 5, போட்டவுடன் ‘ரீஜன் தவறு’ என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. டிஸ்கில் கீறல் ஒன்றுகூட இல்லை.

பிளேயர் ரிமோட்டில் ரீஜன் மாற்றும் ரகசிய எண்கள் என்று இணையத்தில் கிடைத்த நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் எடுக்கவில்லை. அப்புறம் பழைய லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் போட்டேன், அதிலும் கறுப்புத் திரைதான். லேப்டாப்பின் டிவிடி டிரைவில் ரீஜனை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், நாலு முறை ஏற்கெனவே போய்விட்டது, இப்போது ரீஜன் 5-இல் நிற்கிறது. கடைசி ஒன்றைப் பயன்படுத்தினால் அது ரீஜன் 1-இலேயே பூட்டிக்கொள்ளும், வீட்டில் இருக்கும் நம்மூர் டிஸ்குகளை அப்புறம் அதில் பார்க்க முடியாது.

இதற்கு முந்தைய 1971 ‘பில்லி ஜாக்’ படத்தை முன்பே பார்த்துவிட்டேன். அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970-இல் தேசியக் காவல் படையினர் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதன் மீதான கோபத்தை, படத்தின் நாயகனும் இயக்குநருமான டாம் லாஃப்லின் இந்த 1974 படத்தில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்திருக்கிறார், அதை வெட்டாமல் பார்க்க ஆசை.

கடைசி வாய்ப்பைச் செலவழிக்காமல் இந்த டிஸ்கை லேப்டாப்பில் ஓட வைக்க வழி இருக்கிறதா?