"அடைச்சு வெச்சாரு": ஆங்கிலத்தில் எந்தச் சொல் போடுவது?

மேலூர்க்காரன்:
வணக்கம். ஒரு வக்கீல் ஆபீஸுக்குத் தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவருடையது. அவர் சொன்னது:

"அட்வான்ஸைக் கட்டாம போகக்கூடாதுன்னு ஓனர் என்னையும் வீட்டுக்காரியையும் ஷெட்டுல போட்டு அடைச்சு வெச்சாரு. மறுநாள் பூட்டைத் திறந்துட்டாங்க. ஆனா கேட்டுல ரெண்டு ஆளு கட்டையோட உக்காந்திருந்தாங்க. வெளிய போனா காலை ஒடிச்சிருவோம்னாங்க."

அகராதியைப் புரட்டினால் இம்ப்ரிசன், இன்கார்சரேட், டிடெயின், கன்ஃபைன், இன்டர்ன் என்று வரிசையாக வருகிறது. எதை எடுப்பது? பூட்டைத் திறந்த பிறகு உள்ள நாட்களுக்கும் அதே சொல் செல்லுமா?

பேனாமுனை:
இன்கார்சரேட்டை முதலில் தூக்கிப் போடுங்கள். கோர்ட் உத்தரவின் பேரில் ஜெயிலுக்குப் போனவருக்குத்தான் அது. சூளை ஓனருக்குப் போட்டால் அவருக்கு ஏதோ அதிகாரம் இருந்த மாதிரி ஆகிவிடும். டிடெயினில் போலீஸ் வாடை அடிக்கும். விசாரணைக்கு ஸ்டேஷனில் உட்கார வைப்பது, ஏர்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி நிறுத்தி வைப்பது, குண்டர் சட்டத்தில் உள்ளே வைப்பது எல்லாம் அதில் சேரும். அடைத்தது யார், என்ன உத்தரவை வைத்து என்று பாருங்கள், பாதிச் சொற்கள் தானாகக் கழிந்துவிடும். இம்ப்ரிசனும் வேண்டாம், அதுவும் அரசாங்கம் செய்வது.

கோர்ட்வாசல்:
கடைசி வரியை ஏற்க மாட்டேன். இங்கிலாந்துச் சட்டத்தில் ஃபால்ஸ் இம்ப்ரிசன்மென்ட் என்றால் ஜெயிலே தேவையில்லை. தனி ஆள் ஒருவரை அறைக்குள் வைத்துப் பூட்டினாலே போதும்.

ஆனால் நம்மூர் கிரிமினல் சட்டத்தின் சொல் ராங்ஃபுல் கன்ஃபைன்மென்ட். சம்பவம் 1 ஜூலை 2024-க்கு முன்பு என்றால் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவு 340, அதற்குப் பிறகு என்றால் பிஎன்எஸ் (அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 127. முந்தைய பிரிவான 126, ராங்ஃபுல் ரெஸ்ட்ரெயின்ட். போக உரிமையுள்ள ஒரு திசையில் மறித்தால், திரும்பிப் போக வழி இருந்தாலும், ரெஸ்ட்ரெயின்ட். எந்தப் பக்கமும் எல்லையைத் தாண்ட விடாவிட்டால் கன்ஃபைன்மென்ட்.

பூட்டு இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். வாசல்களில் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தி, வெளியே வந்தால் சுடுவோம் என்று மிரட்டுவதைச் சட்டமே உதாரணமாகக் கொடுத்திருக்கிறது. இங்கே துப்பாக்கிக்குப் பதில் கட்டை. ஆனால் சூளைக்குப் பின்னால் வேலியில்லாத வழி ஏதும் இருந்ததா, அங்கேயும் ஆள் நின்றார்களா என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் அங்கேதான் கை வைக்கும்.

அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைத்த கதை என்பதால் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வரும். வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
சட்டம் எல்லாம் சரி. ஆனால் வாக்குமூலத்துக்குள் ராங்ஃபுல் கன்ஃபைன்மென்டைத் தயவுசெய்து நுழைக்காதீர்கள். அது மனுவில் வக்கீல் எழுத வேண்டியது. தொழிலாளி வாயில் அந்தச் சொல்லை வைத்தால், "இதை உனக்கு யாருய்யா சொல்லிக் கொடுத்தது?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார்?

முதல் நாளுக்கு "ஹி லாக்ட் அஸ் இன் த ஷெட்". பூட்டு திறந்த பிறகு லாக்ட் கூடாது, அவரே திறந்துட்டாங்கன்னு சொல்கிறார். அங்கே கேட்டில் இருந்த ரெண்டு ஆள், கட்டை, காலை ஒடிப்போம் என்ற மிரட்டல், மூன்றும் அப்படியே வரட்டும். கட்டையை 'வெப்பன்' ஆக்கிவிடாதீர்கள்.

தூங்காநகரம்:
இன்டர்ன் பற்றி யாரும் சொல்லவில்லையே. குற்றம் எதுவும் சாட்டாமல், நீ இன்ன இனம், இன்ன நாட்டு வம்சம் என்று கூட்டமாக முகாமில் அடைப்பதற்கு அந்தச் சொல். அமெரிக்காவில் 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுக் குடிமக்கள். இங்கேயும் 1962 சீனப் போரின்போது சீன வம்சாவளியினரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆபீஸில் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கும் அதே எழுத்துகள்தான், கூகுளில் தேடினால் பாதி அதுதான் வரும்.

மேலூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கேட்டுப் பகுதியை மூன்று சின்ன வாக்கியமாக உடைத்துவிட்டேன். இன்னொன்று. எத்தனை நாள் என்று அவர் எண்ணிச் சொல்லவில்லை. "ஆடி அமாவாசைக்கு மறுநாள் அடைச்சாரு, பௌர்ணமி நெலா வெளிச்சத்துல தப்பிச்சோம்" என்கிறார். தேதி கணக்குப் போட்டு எழுதிவிடவா?

பழைய மொழிபெயர்ப்பாளர்:
வேண்டாம் தம்பி. அமாவாசையும் பௌர்ணமியும் அப்படியே இருக்கட்டும். காலண்டர் தேதியை வக்கீலுக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.

கோர்ட்வாசல்:
ஆமாம், தனித்தாள் கட்டாயம். 127-இல் நாளைப் பொறுத்துத் தண்டனை ஏறும். சாதாரணமாக ஓராண்டு வரை, மூன்று நாளோ மேலோ என்றால் மூன்றாண்டு வரை, பத்து நாளோ மேலோ என்றால் ஐந்தாண்டு வரை. இவர் சொல்வது பத்தைத் தாண்டுகிறது. எந்த வருடத்து ஆடி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஐபிசியா பிஎன்எஸ்ஸா என்பது அதை வைத்துத்தான்.