பூக்கடைக்காரன் கேட்கிறேன்: தவக்காலத்தில் பீடத்துக்கு ஏன் பூ வேண்டாம்?

பூக்கடை_சிவாஜிநகர்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயில் பக்கத்தில் பூவும் மெழுகுவர்த்தியும் விற்கிறேன். அப்பா காலத்துக் கடை. நான் உட்கார ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. எங்கள் குலதெய்வம் வந்தவாசிப் பக்கம் ஒரு அம்மன். ஆனால் எனக்குச் சோறு போடுவது இந்த மாதாதான், அதை மறைக்க மாட்டேன்.

வியாபாரத்தை வைத்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர். அந்தப் பதினோரு நாளும் காலை மூன்றரைக்கே கே.ஆர். மார்க்கெட் போனால்தான் சரக்கு கிடைக்கும். டிசம்பரில் வெள்ளைச் செவந்தியும் ரோஜாவும் போகும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், மெழுகுவர்த்தி பெட்டி பெட்டியாகப் போகும். சாம்பல் புதன் வந்ததும் பீடத்துப் பூ ஆர்டர் நின்றுவிடும். ஏன் என்று கேட்டால் "தவக்காலம்" என்பார்கள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

இப்போது கேட்கக் காரணம் என் மகள். ஏழாவது படிக்கிறாள். போன ஞாயிறு கடையில் உட்கார்ந்திருந்தவள், "அப்பா, இவங்க சாமி செத்துட்டாரா, இருக்காரா?" என்றாள். பத்தொன்பது வருடம் வாசலில் உட்கார்ந்தவனுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாமி செத்த நாளை ஏன் கொண்டாடுகிறார்கள்? அப்பா, மகன், ஆவி என்றால் மூன்று சாமியா? மாதாவும் சாமியா? ஈஸ்டர் ஏன் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வருகிறது? (இது எனக்குச் சரக்கு எடுக்கத் தேவை.) மதம் மாறுகிற எண்ணம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

காக்ஸ்டவுன்_டீச்சர்:

தம்பி, முப்பத்தோரு வருடம் ஞாயிறு தோறும் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள் நான். இப்போது மூட்டுவலி, வீட்டில் இருக்கிறேன். உங்கள் மகள் கேட்ட கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அவளிடம் சொல்லுங்கள்: செத்தார், இருக்கிறார், இரண்டும் உண்மை என்றுதான் நாங்கள் நம்புகிறோம். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

உங்கள் கணக்கு நோட்டை வைத்தே சொல்கிறேன். எங்கள் விசுவாசம் பாதி அதில் இருக்கிறது.

முதலில் தேதி. இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பாஸ்கா விழா நேரத்தில். எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோரைக் கடவுள் விடுவித்ததை அவர்கள் நினைவுகூரும் விழா அது, பௌர்ணமியை ஒட்டி வரும். அதனால்தான் ஈஸ்டரும் நிலாக் கணக்கில் ஓடுகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22க்கு முன் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நம் ஊர்க் கரகத் திருவிழாவுக்கு மல்லிகை விற்கிறீர்களே, பல வருடம் அதே பௌர்ணமிதான். 2025இல் கரகம் முடிந்து மறு வாரம் ஏப்ரல் 20 ஈஸ்டர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள், 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, கரகம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28, அப்படியென்றால் சாம்பல் புதன் பிப்ரவரி 10. குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பூ. இயேசு பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். அதை நினைத்து நாங்களும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை நாற்பது நாள், அதுதான் தவக்காலம். காலண்டரில் எண்ணினால் நாற்பத்தாறு வரும், இடையில் வரும் ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நாட்களில் பீடத்தில் பூ வைப்பதில்லை, பூசை வைக்கும் சாமியார் ஊதா உடுத்துவார். நடுவில் நான்காம் ஞாயிறு மட்டும் கொஞ்சம் பூ வைக்கலாம், அன்று உங்களுக்குச் சின்ன ஆர்டர் வந்திருக்குமே, யோசித்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் இரவு பீடத்துத் துணியைக்கூட எடுத்துவிடுவோம். மறுநாள் பெரிய வெள்ளி, அன்று பூசையே கிடையாது. வீட்டில் துக்கம் நடந்தால் கோலம் போட மாட்டோமே, அந்த மாதிரி.

"சாமி செத்த நாளைக் கொண்டாடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நாங்கள் கொண்டாடுவதில்லை தம்பி, துக்கம் காக்கிறோம். பொந்தியு பிலாத்து என்ற ரோமை ஆளுநர் தீர்ப்பிட்டு, ஊருக்கு வெளியே கொன்ற ஒரு மனிதருக்காக. எங்கள் நம்பிக்கை அறிக்கையில் மரியாவையும் இயேசுவையும் தவிர்த்தால் பெயர் சொல்லி வருகிற ஒரே ஆள் இந்தப் பிலாத்துதான். கொன்றவன் பெயரை ஞாயிறு தோறும் ஏன் சொல்கிறோம்? இது ஏதோ ஒரு யுகத்துக் கதை என்று ஆகிவிடக்கூடாது, இன்னார் ஆட்சியில் நடந்தது என்று இருக்க வேண்டும்.

ஏன் செத்தார்? இதற்கு ஒரே ஒரு விளக்கம் திருச்சபையில் கிடையாது. நான் வகுப்பில் சொன்னது இது. மனிதர்கள் கடவுளை விட்டு விலகிப் போனார்கள், அதற்குத்தான் பாவம் என்று பெயர். திருட்டு, பொய் எல்லாம் அந்த விலகலின் கிளைகள். போனவர்கள் திரும்பி வர வழி தெரியாமல் நின்றபோது கடவுளே மனிதராகி, நாங்கள் இருந்த இடத்துக்கே, சாவு வரைக்கும் இறங்கி வந்தார். மூன்றாம் நாள் எழுந்தார், அந்த நாள்தான் ஈஸ்டர். சாவுக்குள் போய்த் திரும்பிய ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் நாமும் திரும்பலாம் என்பது எங்கள் நம்பிக்கை.

அப்பா, மகன், ஆவி: மூன்று சாமி இல்லை. ஒரே கடவுள், மூன்று ஆள். "தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மாதிரி" என்று யாராவது உங்களுக்கு விளக்கினால் நம்பாதீர்கள். நானே பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒரு சாமியார் கேட்டுத் திட்டினார். அந்த உவமைப்படி ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்று ஆகிவிடும். ஆனால் இயேசு தந்தையைப் பார்த்துச் செபித்தார், தன்னிடமே பேசிக்கொள்ளவில்லை. ஒன்று எப்படி மூன்று என்று என்னால் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. கடவுள் அன்பாக இருக்கிறார் என்றால், உலகம் பிறக்கும் முன்பே அவருக்குள் அன்பு செய்ய ஆள் இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

மாதா சாமி இல்லை. அவர் மனுஷி, நாசரேத்துப் பெண். வணக்கம் அவருக்கு, ஆராதனை கடவுளுக்கு மட்டும். செப்டம்பர் 8 அவர் பிறந்தநாள். பிறந்தநாள் இருப்பவர் எப்படி ஆதியில்லாத கடவுளாக முடியும்? ஆனால் திருவிழாவுக்குக் காவி கட்டி நடந்து வருகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைப் பேசிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அம்மாவிடம் சொன்னால் நடக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அல்சூர்_சிஎஸ்ஐ:

டீச்சர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட். அடிப்படையில் அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. மாதாவுக்கு மட்டும் நாங்கள் மாலை போடுவதில்லை, மன்னிக்கணும் அண்ணே, உங்களுக்கு என்னால் வியாபாரம் இல்லை.

ஒன்று சேர்க்கிறேன். இரண்டு பக்கமும் பேசும் தமிழ் வேறு, அதனால் வெவ்வேறு மதம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் கர்த்தர் என்போம், அவர்கள் ஆண்டவர். எங்களுக்கு இரட்சிப்பு, அவர்களுக்கு மீட்பு. ஞானஸ்நானம்தான் திருமுழுக்கு, பரிசுத்த ஆவிதான் தூய ஆவி, லெந்துதான் தவக்காலம். எங்கள் பைபிளில் 66 புத்தகம், அவர்களுடையதில் 73. இயேசுவைப் பற்றிய புதிய ஏற்பாடு இருவருக்கும் அதே 27.

டீச்சர் விட்டது ஒன்று உண்டு, கிருபை. உங்கள் கடையில் ஒருவர் மாலை வாங்கும்போது "வேலை கிடைத்தால் இன்னொரு பெரிய மாலை" என்று வேண்டிக்கொள்வார் அல்லவா? அது கொடுக்கல் வாங்கல். எங்கள் விசுவாசம் தலைகீழ். கடவுள் முதலில் கொடுத்துவிட்டார், நம் தகுதியைப் பார்க்கவில்லை. அதன் பிறகு நாம் செய்கிற நல்லது நன்றிக்காக. பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டு வந்த மகன் கதை இருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு வந்த வசனத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஓடிவந்து கட்டிப்பிடித்துவிடுவார். கிருபைக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

காக்ஸ்டவுன்_டீச்சர்:

அல்சூர் தம்பி சொன்னது சரி, எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களும் பேரம்தான் பேசுகிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். மகன் பத்தாவது பரீட்சைக்கு ஒன்பது வியாழன் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனவள்தான் நான்.

விசுவாசி_ஹொரமாவு:

சகோதரரே, மாலை மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். வேதத்தை வாசியுங்கள், போதும்.

பூக்கடை_சிவாஜிநகர்:

சகோதரரே, நீங்கள் சொல்வதை எல்லோரும் கேட்டால் நான் கடையை மூடணும். ஆனால் வாசிக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? புதிய ஏற்பாட்டை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் ஆள் பெயராகவே வருகிறது. அப்புறம் டீச்சர், பூசை நேரத்தில் நான் உள்ளே வரலாமா? இதுவரை மாதா முன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

காக்ஸ்டவுன்_டீச்சர்:

மாற்கு படியுங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்திகளில் சின்னது, 16 அதிகாரம். மதியம் வியாபாரம் மந்தமான நேரத்தில் இரண்டு நாளில் முடித்துவிடலாம். எம்.ஜி. ரோட்டில் வேதாகமச் சங்கத்தில் தமிழ்ப் பைபிள் கிடைக்கும். கத்தோலிக்கப் பதிப்பு வேண்டும் என்றால் திருவிவிலியம் என்று கேளுங்கள், 1995இல் வந்த மொழிபெயர்ப்பு, இப்போது நாம் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும்.

தாராளமாக உள்ளே வரலாம். பின் பெஞ்சில் மகளோடு உட்காருங்கள். எல்லோரும் எழுந்தால் எழுந்துகொள்ளுங்கள். நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது மட்டும் போக வேண்டாம். அந்த அப்பம் இயேசுவின் உடல் என்று நம்புகிறோம், திருமுழுக்குப் பெற்றவர்கள்தான் வாங்குவது. யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வருவதானால் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு வாருங்கள். அன்று கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். வெளியே புது நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அதில் அந்த வருடத்து எண் பொறித்திருக்கும். இருட்டுக்குள் அந்த ஒரு சுடர் வரும், அதிலிருந்து எல்லோர் கையில் இருக்கும் சின்ன மெழுகுவர்த்திக்கும் நெருப்பு மாறும். அன்று சாயங்காலம் ஒவ்வொருவரும் ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறார்களே, எதற்கு என்று யோசித்ததுண்டா?

பூக்கடை_சிவாஜிநகர்:

போய் வந்தேன். தாமதமாக எழுதுகிறேன், ஈஸ்டர் வேலை.

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே இடம் இல்லை, பின்னால் தூண் ஓரம் நின்றோம். விளக்கு அணைந்ததும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் நின்ற பாட்டி திரும்பித் தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்து இவளுடையதை ஏற்றிவிட்டார். யார், என்ன மதம் என்று கேட்கவில்லை. மூன்று ரூபாய் மெழுகுவர்த்தி, நானே விற்றது, எவ்வளவு நேரம் எரியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மாற்கு முடித்துவிட்டேன். கடைசி அதிகாரத்தில், ஓய்வுநாள் முடிந்ததும் மூன்று பெண்கள் இயேசு உடலில் பூசுவதற்கு நறுமணப் பொருள் வாங்கினார்கள் என்று இருக்கிறது. வாங்கினார்கள் என்றால் அங்கே ஒரு கடை திறந்திருக்கிறது. அந்தக் கடைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! ஆனால் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் உடல் இல்லை, வாங்கின சரக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மகளுக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று போட்டிருக்கிறது. சொல்லாவிட்டால் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்கிறாள்.

காக்ஸ்டவுன்_டீச்சர்:

முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கடைக்காரன் எனக்குத் தோன்றவே இல்லை!

மிகப் பழைய கைப்பிரதிகளில் மாற்கு அந்த வரியோடு, 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் நின்றுவிடுகிறது. மீதிப் பன்னிரண்டு வசனமும் பிற்பாடு சேர்ந்தது என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்கள் மகளுக்கு வந்த சந்தேகம் அந்தக் காலத்திலும் யாருக்கோ வந்திருக்கிறது. அடுத்து லூக்கா 24 படிக்கச் சொல்லுங்கள். அங்கே அந்தப் பெண்கள் போய்ச் சொல்கிறார்கள், ஆண்கள்தான் நம்பவில்லை.