ஹாலோவீன் வேடத்துக்குப் பழைய துணியை வெட்டலாமா?

ஊசிநூல் (எடிசன், நியூஜெர்சி):
அக்டோபர் 31 மாலையில் குழந்தைகள் வேடமிட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீனுக்கு, ஒன்பது வயதாகும் என் மகன் இந்த முறை வௌவாலாகப் போக ஆசைப்படுகிறான். கடையில் உறையிலிட்டு விற்கும் வேடத்துக்கு 40 டாலர் கேட்டார்கள். துணியோ ஒரு இரவு தாங்கினால் பெரிது. எனவே நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் குட்வில் கடைக்குப் போய், தலைமூடி வைத்த கறுப்பு ஸ்வெட்ஷர்ட் ஒன்றை 6 டாலருக்கும், பிடி உடைந்த கறுப்புக் குடை ஒன்றை 2 டாலருக்கும் வாங்கினேன். நடுத்தண்டைக் கழற்றிவிட்டுக் குடைத்துணியைக் கம்பிகளோடு சரிபாதியாக வெட்டினால், வளைந்த விளிம்போடு இரண்டு இறக்கைகள் கிடைத்துவிடுகின்றன. கம்பி முனைகளுக்குத் துணி சுற்றி, ஒவ்வொரு பாதியையும் ஸ்வெட்ஷர்ட் கையின் அடித்தையலில் வைத்துத் தைத்தேன். அவன் கையை உயர்த்தும்போது இறக்கை விரிவதைப் பார்த்த பிறகு, வேடத்தை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அடுத்து மகளுக்குச் சோளக்கொல்லைப் பொம்மை வேடம்: கட்டம்போட்ட பருத்திச் சட்டையின் கைமுனைகளையும் அடிவிளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து நூல்நூலாகப் பிரிக்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கைவேலையைக் குறை சொல்லவில்லை, சகோதரி. ஆனால் இதை எல்லாருக்கும் பரிந்துரைப்பதை ஏற்க முடியாது. அக்டோபர் மாதத்தில்தான் இங்கே பல குடும்பங்கள் குளிருக்கான உடுப்பைத் தேடி இந்தக் கடைகளுக்கு வருகின்றன. குட்வில் 1902-இல் பாஸ்டனில் தொடங்கப்பட்டபோது, பழைய பொருள்களைச் சீர்செய்து விற்று ஏழைகளுக்கு வேலையும் கூலியும் தருவதுதான் அதன் நோக்கம். இன்னும் பல ஆண்டுகள் உடுக்கக்கூடிய கம்பளிக் கோட்டை, ஒரு மாலைநேர வேடிக்கைக்காக, வாங்கும் வசதியுள்ள நாம் வெட்டிப் போடுவது எந்த வகையில் சிக்கனம்? பாதுகாப்பு இன்னொரு கேள்வி. கடை வேடத்தில் தீத்தடுப்புச் சீட்டு இருக்கிறது. உங்கள் சட்டையில் இருக்கிறதா?

ஊசிநூல்:
கோட்டைப் பற்றிச் சொன்னது நியாயம்; நல்ல கோட்டை நானும் தொடமாட்டேன். ஆனால் கறை போகாத சட்டை, பல் உடைந்த ஜிப், முழங்காலில் ஓட்டை விழுந்த ஜீன்ஸ் ஆகியவற்றைக் குளிருக்காக யாரும் தேடுவதில்லை. வேடத்துக்கோ அந்தக் கிழிசல்தான் வேண்டும். தீயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்நாட்டில் 1953-ஆம் ஆண்டின் சட்டப்படி உள்ள பொது விதி, மிக வேகமாகப் பற்றியெரியும் துணியை மட்டுமே உடைகளில் தடுக்கிறது. அதைவிடக் கடுமையான விதி குழந்தைகளின் இரவு உடைக்குத்தானே தவிர, வேடத்துக்கு அல்ல. ஆகையால் என் பழைய சட்டையும் அந்தப் புதிய வேடமும் ஒரே பொது விதிக்கு உட்பட்டவையே.

திருப்பூர்க்காரன்:
பின்னலாடைத் தரக்கட்டுப்பாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். அம்மா, சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஆனால் முடிவு தவறு. கடையிலிருந்து வரும்போது அந்தச் சட்டை விதிக்கு உட்பட்டதாக இருக்கலாம். நீங்கள் உப்புத்தாளால் தேய்த்து நூலைப் பிரித்த பிறகு அது வேறு துணி. மேலெழும்பிய பஞ்சுக்கும் தொங்கும் நூலுக்கும் நாலாபக்கமும் காற்று கிடைப்பதால் சுடர் சட்டென்று தாவும். உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்து (தைத்த நூல் அல்ல) ஒரு இழையை எடுத்து, சமையலறைத் தொட்டியின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். கம்பளி முடி பொசுங்கும் வாடையோடு தானே அணையும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். குடைத்துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்வெட்ஷர்ட் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததானால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் உருகும் இழையைச் சொட்டவிடாமல் பருத்தி திரிபோலத் தாங்கிக்கொண்டு எரியும்.

கணக்குப்பிள்ளை:
நான் அஞ்சியதும் இதற்குத்தான். ஹாலோவீனுக்காகக் குடைந்து வாசலில் விளக்காக வைக்கும் பூசணிக்குள், நம் வீட்டில் பேட்டரி விளக்கு வைத்துவிடலாம். தெருவில் மற்ற வாசல்களில் எரியும் மெழுகுவர்த்தியை நாம் அணைக்க முடியுமா? மிட்டாய்க்குக் குனியும் குழந்தையின் கைமுனைதான் சுடருக்கு மிக அருகில் போகிறது. அதனால் இந்த ஆண்டும் கடை வேடத்தையே வாங்குவேன். ஆனால் முந்தைய ஆண்டில் யாரோ கொடுத்துவிட்டுப் போன வேடத்தை அதே பழைய துணிக்கடையில் தேடுவேன். அதற்காக எந்த உடுப்பும் பாழாவதில்லை.

ஊசிநூல்:
குனியும்போது கைமுனை எங்கே போகும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளின் சட்டையில் கைமுனைகளை உள்ளே மடித்துத் தைத்துவிட்டேன். அடிவிளிம்பிலும் நூல் தொங்காது. வைக்கோல்போலத் தெரிய வேண்டியதைத் தோளிலும் தொப்பியின் பின்புறத்திலும் பழைய கம்பளி நூலால் அமைக்கிறேன். வௌவாலின் ஸ்வெட்ஷர்ட் சீட்டில் 80 விழுக்காடு பருத்தி, 20 விழுக்காடு பாலியெஸ்டர் என்று இருக்கிறது. இறக்கையின் கீழ்முனை முழங்காலுக்குக் கீழே வந்ததால் ஒரு சாண் வெட்டிவிட்டேன். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால், வெட்டிய விளிம்பில் ஒளியைத் திருப்பும் நாடா ஒன்றையும் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் கடை வேடத்துக்கு நான் மாறப்போவதில்லை, ஐயா. அந்த இறக்கையின் ஒரு பக்கத்தை அவனே தைத்தான், தையல் கோணலாக இருந்தாலும் பிரிக்க விடமாட்டேன் என்கிறான்.