அப்டேட்: ஐக்யூஏசி மினிட்ஸ் விவகாரம்

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, நாக் (காலேஜுக்குத் தரச்சான்று குடுக்கற NAAC) டீம் வர்றதுக்கு முன்னாடி 3 வருஷத்து ஐக்யூஏசி (காலேஜுக்குள்ள தரத்தப் பாத்துக்கற குழு) மீட்டிங் மினிட்ஸ ஒரே வாரத்துல "ரெடி பண்ணிடுங்க மேடம்"னு என் தலைல கட்டிட்டாங்கன்னு. என்னாச்சுன்னு நெறைய பேர் கேட்டீங்க.

எழுதல. நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுத மாட்டேன்னு கோஆர்டினேட்டர் சார்கிட்டயே சொல்லிட்டேன், ரெண்டு நாள் மூஞ்சி குடுத்து பேசல, அப்புறம் அவரே ஸ்டூடண்ட் ஃபீட்பேக் ஃபார்ம் கட்டு ஒண்ணத் தூக்கிட்டு வந்தார், பிரிச்சுப் பாத்தா 40 ஃபார்ம்லயும் அதே பச்சை ஜெல் பேனா, அதே கையெழுத்து, எல்லாத்துக்கும் 5க்கு 5. சிரிக்கிறதா அழுவுறதா! டிவிவில (நாம குடுத்த தகவல நாக் சரிபாக்கற கட்டம்) ஆதாரம் கேட்டா இதையா நீட்டறது? அதுவுமில்லாம ஸ்டூடண்ட் சர்வேய நாக் நேரா பசங்க மெயிலுக்கே அனுப்பிடும், அங்க நம்ம பருப்பு வேகாது.

கடைசில நிஜமா நடந்த மீட்டிங் மட்டும்தான் போடறோம், மொத்தம் 4. வருஷா வருஷம் ஏக்யூஏஆர் (நாக்குக்கு அனுப்பற வருஷாந்திர தர அறிக்கை) ஒழுங்கா எழுதியிருந்தா இந்தக் கூத்தே இல்ல. ஃபீட்பேக் புதுசா வாங்கினோம், பாதிப் பேர் "லைப்ரரி 4 மணிக்கே பூட்டறாங்க"ன்னு எழுதியிருந்தாங்க. திங்கக்கிழமைலேருந்து 6 வரைக்கும் திறந்திருக்கு.