லான்சியா அப்ரிலியா: பின் பிரேக்கில் எண்ணெய் இறங்குகிறது

வண்டி 1938 லான்சியா அப்ரிலியா என்ற இத்தாலியக் கார், முதல் சீரிஸ், 1352 சிசி வி4 (நான்கு சிலிண்டர்) எஞ்சின். போன இலையுதிர்காலத்தில் முழுச் சீரமைப்பு முடிந்தது. இத்தாலியில் பிரெஷா பக்கம் கிளாசிக் ராலிகளில் ஓட்டுகிறோம். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் அருமை.

சிக்கல் மலை இறக்கத்தில்தான். ஃபூட்டா கணவாயிலிருந்து ஃபுளோரன்ஸ் பக்கம் இறங்கும்போது முதலில் ஒன்றும் தெரியாது. சூடேறியதும் இடது பின் பிரேக் பலமிழந்து வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. ஆறினால் ஓரளவு சரியாகிறது. இந்த மாடலில் பின் டிரம்கள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) ஒட்டி உள்ளே இருக்கின்றன (அழகான யோசனைதான், கழற்றுகிறவனைக் கேட்டால் வேறு சொல்வான்). டிரம்மைத் திறந்தால் லைனிங் (டிரம்மில் உராயும் பட்டை) முழுக்க எண்ணெய். கந்தக வாடை அடிக்கும் கெட்டியான எண்ணெய், அதாவது டிஃபரன்ஷியலின் கியர் எண்ணெய், பிரேக் திரவம் இல்லை.

இதுவரை செய்தது: டிஃபரன்ஷியலிலிருந்து வெளியே வரும் தண்டின் சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) புதிதாக மாற்றினோம். தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அளந்தோம், இல்லை. எண்ணெய் அளவைச் சரியாக வைத்தோம், அப்புறம் கெட்டியான எண்ணெயும் போட்டுப் பார்த்தோம். வீல் சிலிண்டரும் லைனிங்கும் புதியவை. சமதளத்தில் எவ்வளவு ஓட்டினாலும் கசியவில்லை, சூட்டில் மட்டும்தான். சீரமைத்த பட்டறையோ “பழைய வண்டி அப்படித்தான்” என்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

சீல் உட்காரும் கூட்டைக் கடைந்து, இக்கால இரட்டை உதட்டு (தண்டைத் தொடும் இரண்டு விளிம்பு உள்ள) ரப்பர் சீல் பொருத்தி, நீண்ட இறக்கத்திலும் கசிவை நிறுத்திய அப்ரிலியாக்காரர் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் எந்த அளவு சீல் போட்டீர்கள்?